பறக்கும் தட்டுச் சங்கத்தார்

கடவுளானாலும் சரி, வேற்றுக்கிரகவாசியானாலும் சரி, தரிசனம் கொடுக்க வேண்டுமென்றால் சின்ன ஊராகப் பார்த்துத்தான் இறங்குவார்கள். லண்டன் டிராஃபல்கர் சதுக்கத்தில் இறங்கினால் எவன் நிமிர்ந்து பார்க்கப் போகிறான்? அவனவனுக்குப் பஸ்ஸைப் பிடிக்கிற கவலை. அதனால்தானோ என்னவோ, 1964 கிறிஸ்துமஸ் விடியற்காலையில் அவர்கள் தேர்ந்தெடுத்தது இங்கிலாந்தின் வில்ட்ஷயரில் இருக்கும் வார்மின்ஸ்டர் என்ற சந்தை ஊரை.

முதலில் வந்தது வெளிச்சம் இல்லை, சத்தம். இருட்டோடு சர்ச்சுக்குக் கிளம்பிய ஒரு பெண்மணியின் தலைக்கு மேல் ஏதோ பயங்கரமாக இரைந்து, அவரை நகர விடாமல் அமுக்கியதாம். ஊர் போஸ்ட்மாஸ்டரும் சாட்சி சொன்னார். தன் வீட்டுக் கூரை ஓடுகளை யாரோ படபடவென்று பிய்த்தெடுத்து, பிறகு திரும்பவும் அதனதன் இடத்தில் அறைந்து வைத்த மாதிரி கேட்டது என்றார். பிய்த்த ஓட்டைத் திரும்ப அடுக்கிவிட்டுப் போயிருக்கிறான் என்னும்போதே அவன் இந்த உலகத்து ஆள் இல்லை என்பது தெரிந்துவிடுகிறது. அடுத்த சில மாதங்களில் புறாக்கள் செத்து விழுந்ததாகச் சொன்னார்கள். கோடையில் வானத்தில் சுருட்டு வடிவ வெளிச்சங்கள் தெரிந்தன. ஊர்க்காரர்கள் இந்த மர்மத்துக்கு வைத்த பெயர் ‘அந்த வஸ்து’.

இந்த இடத்தில் ஊரைப் பற்றி ஒரு சிறு தகவல். வார்மின்ஸ்டர் இருப்பது சாலிஸ்பரி சமவெளியின் ஓரம். அந்தச் சமவெளி பிரிட்டிஷ் ராணுவத்தின் மாபெரும் பயிற்சிக் களம். காலாட்படைப் பள்ளி 1945-இலேயே வார்மின்ஸ்டருக்கு வந்துவிட்டது. பக்கத்தில் இம்பர் என்ற கிராமம்; 1943 டிசம்பரில் போர்ப் பயிற்சிக்காக அங்கிருந்த ஜனங்களைக் கிளப்பி வெளியேற்றினார்கள், இன்றுவரை அவர்களைத் திரும்பக் குடியேற விடவில்லை. ராணுவம் இரவுப் பயிற்சியின்போது வெளிச்ச குண்டு போடும். குட்டிப் பாராசூட்டில் தொங்கிக்கொண்டு, நெருப்பாக எரிந்தபடி, ஆடி அசைந்து மெல்ல இறங்கும். வரிசையாக நான்கைந்து போட்டால் ஏதோ ஒரு கப்பலின் ஜன்னல்கள் மாதிரியே தெரியும். இப்படிப்பட்ட ஊரில் ராத்திரி வானத்தில் விநோத வெளிச்சம் தெரிகிறது என்று உலகமே ஆச்சரியப்பட்டது. திருவிழா நடக்கிற ஊரில் வாணவேடிக்கையைப் பார்த்துவிட்டு எரிநட்சத்திரம் என்று கன்னத்தில் போட்டுக்கொண்ட கதை.

1965 ஆகஸ்ட் 27 அன்று டவுன் ஹாலில் பொதுக்கூட்டம் போட்டார்கள். பயத்தைப் போக்குவதற்கென்று கூட்டிய கூட்டம் அது. டெலிவிஷன்காரர்களும் வந்து சேர, பயம் போனதோ இல்லையோ, ஊருக்கு விளம்பரம் கிடைத்தது. அந்த வார விடுமுறையில் சுமார் 10,000 பேர் வந்து குவிந்தார்கள் என்பது அப்போதைய கணக்கு. ஊர் ஜனத்தொகையே ஏறக்குறைய அவ்வளவுதான். மதுக்கடைகளில் பீர் தீர்ந்துபோனால் ஆச்சரியமில்லை. அதே வாரக் கடைசியில் உள்ளூர் இளைஞர் ஒருவர் தட்டு ஒன்றைப் படமெடுத்துக் கொடுக்க, அது ‘டெய்லி மிர்ரர்’ வரை போனது.

இத்தனை கலவரத்துக்கும் நடுநாயகம் ஆர்தர் ஷட்டில்வுட். ‘வார்மின்ஸ்டர் ஜர்னல்’ என்ற உள்ளூர்ப் பத்திரிகையின் நிருபர். நாய்க்கண்காட்சி, நகரசபைத் தீர்மானம், மரண அறிவித்தல் என்று எழுதிக்கொண்டிருந்த மனிதருக்குப் பிரபஞ்சமே செய்தியாக வந்து மடியில் விழுந்தால் விடுவாரா? ஆரம்பத்தில் அவரும் சந்தேகப் பேர்வழிதான். 1965 செப்டம்பர் கடைசியில் தன் வீட்டிலிருந்தபடியே சுருட்டு வடிவத்தில் ஒன்றைப் பார்த்தார். சந்தேகம் அன்றோடு ஒழிந்தது. அதற்குப் பிறகு அவர் பார்த்தவை நூற்றுக்கணக்கில். அவருடைய பார்வைக்குத் தப்பித்த விண்கலம் ஏதாவது உண்டா என்பதே கேள்வி.

போன் வேறு வந்தது. ‘ஏன்ஸ்டிரியா’ என்ற கிரகத்திலிருந்து வந்திருப்பதாகச் சொல்லிக்கொண்டவர்கள் அவரை அழைத்து, மனிதகுலம் திருந்தாவிட்டால் என்ன ஆகும் என்று வாரக்கணக்கில் உபதேசம் செய்தார்கள். அழைப்பு வந்தது ஊருக்குள் இருந்த பொதுத் தொலைபேசிக் கூண்டிலிருந்து. ஒளியாண்டுகளைக் கடக்கத் தெரிந்தவர்களுக்கு ஒரு டெலிபோன் சொந்தமாக இல்லை. சில்லறைக்கு என்ன செய்தார்கள், எந்தக் கடையில் மாற்றினார்கள் என்று ஒரு நிருபர் முதலில் கேட்டிருக்க வேண்டாமா? ஷட்டில்வுட் கேட்கவில்லை. சொன்னதையெல்லாம் சிரத்தையாகக் குறித்துக்கொண்டார். 1967-இல் ‘வார்மின்ஸ்டர் மர்மம்’ புத்தகமாக வந்தது, அது விற்றது, அடுத்தடுத்து இன்னும் சில வந்தன.

புத்தகம் படித்த கூட்டம் ‘கிரேடில் ஹில்’ என்ற குன்றுக்குத் திரண்டது. பக்தகோடிகளின் கருவறை அதுதான். குன்றின் மேலே போகும் பாதை முடிவதே ராணுவ நிலத்தின் கேட்டில். அந்தக் கேட்டில் சாய்ந்துகொண்டு, ராணுவம் வெளிச்ச குண்டு போடும் திசையையே பார்த்தபடி, வேற்றுக்கிரகத்தாருக்காகக் காத்திருந்தார்கள். வார்மின்ஸ்டரில் எனக்கு மிகவும் பிடித்த காட்சி இதுதான்.

ஆனாலும் பறக்கும் தட்டுச் சங்கத்தாரை முழுசாகக் கிண்டல் பண்ண மனசு வரவில்லை. ஐம்பது, அறுபதுகளில் பிரிட்டனில் ஊருக்கு ஒரு பறக்கும் தட்டுச் சங்கம் முளைத்திருந்தது. பிரிஸ்டலில் ஒன்று, லண்டனில் ஒன்று, வடக்கே இன்னும் பல. அறுபதுகளின் தொடக்கத்தில் அவற்றில் பல சேர்ந்து ‘புஃபோரா’ என்ற தேசிய அமைப்பானது. வாத்தியார், கிளார்க், எலெக்ட்ரீஷியன், ரிட்டையரான ஆசாமி என்று சேர்ந்து, சொந்தக் காசில் பெட்ரோல் போட்டு, பார்த்ததாகச் சொன்னவர் வீட்டுக்கே போய் டீ குடித்துக்கொண்டு படிவம் நிரப்புவார்கள். எத்தனை மணிக்கு? எந்தத் திசையில்? அடிவானத்திலிருந்து எவ்வளவு உயரத்தில்? கையை நீட்டி ஒரு காசைப் பிடித்தால் அதைவிடப் பெரிதா, சிறிதா? கேள்விகள் நியாயமானவை. பதில்களைக் கோத்துப் பார்த்தால் பாதித் தடவை குட்டு வெளிப்பட்டுவிடும்: மேற்கே, சூரியன் மறைந்த கொஞ்ச நேரத்தில், அசையாமல் பளபளவென்று நின்றது. சுக்கிரன். 1979-இல் அமெரிக்காவின் ஆலன் ஹெண்ட்ரி என்ற ஆய்வாளர் 1,300 புகார்களை ஒவ்வொன்றாகப் பிரித்து மேய்ந்ததில், பத்தில் ஒன்பது நட்சத்திரம், விமானம், பலூன் என்று தெரிந்த சாமான்களாகிவிட்டன. பிரிட்டனில் 1967 மட்டும் தனி ரகம். பாதுகாப்பு அமைச்சகத்துக்கு அந்த வருஷம் வந்த புகார்கள் 362.

அந்த 1967 செப்டம்பர் 4 காலையில் உண்மையாகவே தட்டுகள் வந்து இறங்கின. ஆறு. தெற்கு இங்கிலாந்தின் குறுக்கே, மேற்குக் கரையிலிருந்து கிழக்கே ஷெப்பி தீவு வரை, கயிறு பிடித்த மாதிரி ஒரே நேர்கோட்டில். வெள்ளி நிறத்தில் பளபளத்தன. தூக்கிக் கவிழ்த்தால் ‘பீப் பீப்’ என்று கத்தின. போலீஸ், ராணுவம், உளவுப்பிரிவு எல்லாம் ஓடின. ஷெப்பியில் இருந்ததை விமானப்படை ஹெலிகாப்டரில் அள்ளிக்கொண்டு போனார்கள். சிப்பன்ஹாமில் கிடைத்ததை வெடிகுண்டுப் பிரிவு வெடிவைத்துத் தகர்த்தது. வேறு கிரகத்திலிருந்து முதன்முதலாக வந்த விருந்தாளிக்கு மனிதகுலம் அளித்த வரவேற்பு அது. உள்ளே இருந்தது என்ன? தண்ணீரில் கொதிக்க வைத்து ஊசிப்போன மைதா மாவு. ஃபார்ன்பரோ விமான ஆராய்ச்சி நிலையத்தில் பயிற்சியிலிருந்த பொறியாளப் பையன்கள், தர்ம காரியத்துக்கு நிதி திரட்டும் கல்லூரிக் கூத்துக்காக ராத்திரியோடு ராத்திரியாகக் காரில் போய் வைத்துவிட்டு வந்தவை. அப்படியே, நிஜமாக யாராவது வந்தால் அரசாங்கம் என்ன செய்யும் என்று சோதித்துப் பார்த்ததாகவும் சொன்னார்கள். செய்தது தெரிந்துவிட்டது.

இதைவிட நயமாகக் காதில் பூ சுற்றிய கதை 1970 மார்ச் 28 ராத்திரி, கிரேடில் ஹில்லில் நடந்தது. வழக்கம்போலச் சில பத்துப் பேர் குளிரில் கூடியிருந்தார்கள். பதினொரு மணிக்குத் தூரத்துக் குன்றில் ஊதா நிறத்தில் ஒரு வெளிச்சம் எரிந்தது. அணைந்தது. மறுபடி எரிந்தது. அதே நேரம் கூட்டத்தில் ஒருவர் கொண்டுவந்திருந்த காந்தப்புல மானி ‘ர்ர்ர்’ என்று அலறியது. இன்னொருவர் ‘கிளிக் கிளிக்’ என்று படமெடுத்தார். கண்சாட்சி, கருவிச்சாட்சி, கேமரா சாட்சி, மூன்றும் ஒரே நிமிஷத்தில். இதற்கு மேல் விஞ்ஞானம் என்ன கேட்க முடியும்?

வெளிச்சம், முக்கால் மைல் தள்ளி, கண்ணாடியில் ஊதாத் தாள் ஒட்டி வைத்த ஸ்பாட் லைட். மானி, உள்ளே மணி வைத்த வெறும் டப்பா. கேமராவுக்குள் இருந்த பிலிமில் சில கட்டங்களில் ‘தட்டு’ ஏற்கெனவே ஏறியிருந்தது. முந்தின வருஷமே எடுத்துவைத்தது. ஏற்பாடு, டேவிட் சிம்ப்சன் என்ற இயற்பியலாளரின் சின்னக் குழு. அவர்களும் ஒரு பறக்கும் தட்டுச் சங்கம்தான்; ஆனால் வானத்துக்குப் பதில், வானத்தைப் பார்ப்பவர்களைப் பார்ப்பது என்று முடிவு செய்திருந்தார்கள். என்னைக் கேட்டால், வார்மின்ஸ்டரில் நடந்த உருப்படியான ஒரே ஆராய்ச்சி இதுதான்.

சோதனையில் வேண்டுமென்றே ஓட்டைகளையும் விட்டு வைத்திருந்தார்கள். பழைய படத்திலும் புதுப்படத்திலும் கீழே தெரிந்த தெருவிளக்குகளே ஒத்துப்போகவில்லை. படத்தில் இருந்த தட்டு, கூட்டம் பார்த்த ஊதா விளக்கைப் போலவும் இல்லை. பிலிம் ‘ஃப்ளையிங் சாஸர் ரிவ்யூ’ என்ற முன்னணிப் பத்திரிகைக்குப் போனது. அவர்கள் புகைப்பட நிபுணரிடம் கொடுத்தார்கள். போலி இல்லை என்றார். பாரிஸிலிருந்து பியேர் கெரான் என்ற வானியற்பியல் அறிஞர் ஒரு கட்டுரையே எழுதினார். ஏமாற்று வேலைக்கு இடமே இல்லை என்று அடித்துச் சொல்லிவிட்டு, கண்ணுக்குத் தெரிந்ததற்கும் படத்தில் விழுந்ததற்கும் இருந்த வித்தியாசத்துக்குப் புற ஊதாக் கதிர்தான் காரணமாக இருக்கும் என்று ஊகித்தார். தெருவிளக்கை எண்ணிப் பார்த்திருந்தால் போதும். எண்ணுவது நிபுணர்களுக்கு அழகில்லை போலும். சுமார் இரண்டரை வருஷம் படங்கள் பத்திரமாக, உண்மையாக, இருந்தன. பிறகு சிம்ப்சன் குழுவே முன்வந்து போட்டு உடைத்தது. கேட்டின் மேல் சாய்ந்திருந்த சாமானியர்கள் ஏமாந்ததில் தப்பில்லை. இருட்டு, குளிர், தூரம். பகல் வெளிச்சத்தில் பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்தவர்கள்தான் குப்புற விழுந்தார்கள்.

வார்மின்ஸ்டர் வஸ்து எழுபதுகளின் கடைசியில் சுதி இறங்கியது. விட்ட குறையைத் தொட்டவர்கள் டக் பவர், டேவ் சோர்லி என்ற இரண்டு நண்பர்கள். பவர் சில காலம் ஆஸ்திரேலியாவில் இருந்தவர். குவீன்ஸ்லாந்தில் நாணல் வட்டமாகச் சாய்ந்து கிடந்ததைத் தட்டு வந்து உட்கார்ந்த கூடு என்று பத்திரிகைகள் எழுதியது அவர் மனதில் இருந்தது. 1978-இல் ஒரு மாலை, பீர் குடித்துக்கொண்டிருந்தபோது, நாமும் கோதுமை வயலில் ஒன்று செய்தால் என்ன என்று தோன்றியது. ஒரு பலகை, இரு முனையிலும் கயிறு, காலால் மிதித்து மிதித்து ஒரு வட்டம். 1980-இல் வார்மின்ஸ்டருக்குப் பக்கத்து வெஸ்ட்பரி வயல்களில் வட்டங்கள் தெரிய, பத்திரிகை எழுதியது. பறக்கும் தட்டுச் சங்கங்களின் பக்கத்தில் பயிர் வட்டச் சங்கங்கள் கடை விரித்தன. காற்றுச் சுழல் என்றார் ஒரு வானிலை ஆய்வாளர். மேலான ஓர் அறிவு என்றார்கள் மற்றவர்கள். உண்மையைக் கிட்டத்தட்டப் பிடித்தவர் பவரின் மனைவிதான். காரின் மீட்டர் தாறுமாறாக ஏறியிருப்பதைப் பார்த்துவிட்டு, இந்த வயசில் வேறு பெண் சகவாசமா என்று சட்டையைப் பிடிக்க, பவர் வயல் கதையைக் கக்க வேண்டியதாயிற்று. டெலிவிஷன் கேமராக்கள் கண்டுபிடிக்காததை மைல் கணக்கு கண்டுபிடித்தது.

கேமரா என்றதும் 1990 ஜூலை. வெஸ்ட்பரிக்கு மேலே பிராட்டன் குன்றில் ‘ஆபரேஷன் பிளாக்பேர்ட்’. பி.பி.சி., ஜப்பானியத் தொலைக்காட்சி, ராணுவத்தின் இரவுப் பார்வைக் கருவிகள், இரவு முழுக்கக் காவல். விடிந்தபோது கீழே வயலில் புத்தம் புது வட்டங்கள்! பிடித்துவிட்டோம் என்று உலகத்துக்கே நேரலையில் அறிவித்துவிட்டு, வயலில் இறங்கிப் பார்த்தார்கள். வட்டங்களின் நடுவே மரச் சிலுவையும், ‘ஹொரொஸ்கோப்’ என்ற ஜாதகம் பார்க்கும் விளையாட்டு அட்டையும் வைக்கப்பட்டிருந்தன. யாரோ ராவோடு ராவாக, கேமராக்களின் மூக்குக்குக் கீழேயே வேலையை முடித்துவிட்டுப் போயிருந்தார்கள்.

1991 செப்டம்பரில் பவரும் சோர்லியும் ‘டுடே’ பத்திரிகையில் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார்கள். அதற்கு முன் பத்திரிகைக்காக ஒரு வட்டம் போட்டு, பயிர் வட்ட நிபுணர் பேட் டெல்காடோவை அழைத்துக் காட்ட, அவர் இது மனிதர் வேலையே இல்லை என்று சான்றிதழ் கொடுத்தார். அடுத்த வருஷம் இரு நண்பர்களுக்கும் இயற்பியலுக்கான இக்நோபெல் கிடைத்தது. சிரிப்புக்குக் கொடுக்கும் பரிசு.

ஷட்டில்வுட் 1996-இல் காலமானார். கடைசி வரை அவர் தன் கட்சியை விட்டுக்கொடுக்கவில்லை. ஐம்பதுகளின் தொடக்கத்தில் பிறந்த பிரிஸ்டல் சங்கம், ஒரு காலத்தில் ஆயிரத்துக்கு மேல் உறுப்பினர்களோடு, வாரத்துக்கு முப்பது புகார் வாங்கிக்கொண்டிருந்தது. 2001-இல் அதை இழுத்து மூடினார்கள். காரணம், புகார் வரவில்லை. வந்தவர்கள் பூமியை அளந்து முடித்துவிட்டிருக்கலாம் என்று சங்கத் தலைவர் டெனிஸ் பிளங்கெட் நிருபர்களிடம் சொன்னார். பாதுகாப்பு அமைச்சகமும் 2009 டிசம்பரில் தன் பறக்கும் தட்டு மேசையை மூடிவிட்டது. அரை நூற்றாண்டுக்கு மேல் வந்த புகார்களில் ஒன்றுகூட நாட்டுக்கு ஆபத்து என்று காட்டவில்லை என்பது அது சொன்ன காரணம்.