மாடு பேசும் கருவி

சர்வர்களைத் தானாக அமைத்துக்கொள்ள எந்தக் கருவி நல்லது? 2005-இல் பப்பெட் வந்தது. 2009-இல் செஃப். அதில் எழுதும் நிரலுக்கு ‘ரெசிபி’ என்று பெயர், கட்டளைக் கருவிக்கு ‘நைஃப்’. அடுப்படி ஒத்துவராதவர்கள் 2012-இல் வந்த ஆன்சிபிளுக்கு ஓடினார்கள். அங்கே யாமல் கோப்பில் ஓர் இடைவெளி பிசகினால் போதும், மொத்தமும் படுத்துவிடும். கணினியில் ‘கவ்சே’ என்ற நிரல் இருந்தால், நடக்கிற ஒவ்வொரு வேலையையும் திரையில் ஒரு மாடு அறிவிக்கும். (கேலியல்ல, நிஜமாகவே எழுதிவைத்த வசதி.)

2014-இல் டெர்ராஃபார்ம். 2023-இல் அதை உருவாக்கிய ஹாஷிகார்ப் நிறுவனம் உரிமத்தை மாற்ற, கோபித்தவர்கள் ஓப்பன்டோஃபூ என்று தனிக்குடித்தனம் போனார்கள்.

ஆன்சிபிளா, டெர்ராஃபார்மா என்று பொறியாளர்கள் மீட்டிங் மீட்டிங்காக மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, ஐபிஎம் சத்தமில்லாமல் 2019-இல் ரெட் ஹேட் நிறுவனத்தோடு முன்னதையும், 2025-இல் ஹாஷிகார்ப்போடு பின்னதையும் வாங்கிப்போட்டுவிட்டது. காசு கொடுத்து வாங்குகிறவர்களுக்கு, எது ஜெயித்தாலும் பில் வருவது ஒரே விலாசத்திலிருந்துதான்.