பன்னிரண்டு வோல்ட்டும் உப்புக்காற்றும்

எக்கியார்குப்பத்தில் மாமா கட்டுமரம் வைத்திருந்த காலத்தில், கடலுக்குக் கொண்டுபோன வெளிச்சம் மூன்று கட்டை போட்ட ஓர் எவரெடி டார்ச்தான். நனையாமலிருக்கப் பாலித்தீன் பையில் சுற்றி, இடுப்புத் துணியில் முடிந்திருப்பார். வலை இறக்குவது, இழுப்பது, மீன் கழற்றுவது எல்லாம் இருட்டிலேயே நடக்கும். தூரத்தில் கப்பலோ விசைப்படகோ நேரே வருவதுபோல் தெரிந்தால் மட்டும் பையைப் பிரித்து டார்ச்சை எடுத்து ஆட்டுவார்.

அந்தப் பழக்கம் சட்டப்படியும் சரி என்பது எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது. கடலில் மோதல் தவிர்க்க 1972இல் வகுத்த பன்னாட்டு விதிகளில் 25ஆவது விதி, துடுப்பால் போகும் கலத்துக்கும் ஏழு மீட்டருக்கும் குறைந்த பாய்மரக் கலத்துக்கும் இந்த வழியை அனுமதிக்கிறது. பக்க விளக்குகள் வைக்க முடியாவிட்டால், வெள்ளை ஒளி தரும் டார்ச்சோ லாந்தரோ கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். மோதலைத் தவிர்க்கும் அளவுக்கு முன்கூட்டியே அதைக் காட்ட வேண்டும். மாமா அந்த விதியைப் படித்ததில்லை. படித்தவரைப்போலவே நடந்தார்.

அப்பா கடலுக்குப் போகவில்லை, மரக்காணம் உப்பளத்துக்குப் போனார். வெயில் ஏறுமுன் உப்பு வாரி முடிக்க வேண்டும் என்பதால் விடியுமுன்பே வேலை தொடங்கிவிடும். வரப்பில் ஒரு பெட்ரோமாக்ஸ் இரைந்துகொண்டிருக்கும். அதன் மேண்டிலை ஒளிரவைத்த தோரியம் மோனசைட் மணலில் கிடைப்பது. அந்த மணல் மணவாளக்குறிச்சிக் கரையில் இருப்பதை 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் கண்டறிந்தார். மேண்டில் செய்வதற்காகவே அது ஐரோப்பாவுக்குக் கப்பலேறியது. நம் தென்கரை மணல் ஊர் சுற்றி வந்து வெளிச்சமாகிய கதையை அப்பாவிடம் சொல்லியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

2004 டிசம்பர் 26 அன்று சுனாமியில் கட்டுமரத்தைக் கடல் கொண்டுபோனது. பிறகு உதவியாக வந்தது பைபர் படகு. எஞ்சின், பேட்டரி, அணியத்தில் சிவப்பும் பச்சையுமாக விளக்கு, நடுவில் கம்பம், வலை வேலைக்கு மூன்று பல்புகள் என்று குப்பத்துக்கே புதுசாக இருந்தது. எஞ்சின் வைத்த படகுக்குச் சட்டம் கேட்பதும் இந்த விளக்குகளைத்தான். இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை, மேலே சுற்றிலும் தெரியும் வெள்ளை. பன்னிரண்டு மீட்டருக்குக் குறைந்த படகில் பக்க விளக்குகள் ஒரு கடல் மைல் தூரத்துக்குத் தெரிய வேண்டும். பதினைந்து நாட் வேகத்தில் வரும் கப்பல் அந்த ஒரு மைலை நான்கு நிமிடத்தில் கடந்துவிடும். ஒதுங்கிக்கொள்ள இரு தரப்புக்கும் கிடைக்கும் நேரம் அவ்வளவுதான்.

நான் திண்டிவனத்தில் லாரிகளுக்கு ஒயரிங் பார்ப்பவன். "பல்பு எல்லாம் மங்கிப்போச்சு, நல்லதா எல்.இ.டி. வாங்கிட்டு வந்து மாட்டு மாப்ள" என்று மாமா கூப்பிட்டபோதுதான் அந்தப் படகைப் பழுது பார்க்கிற கண்ணோடு பார்த்தேன். வலைப் பல்புகள் எரிந்தன. சிவப்பும் பச்சையும் எப்போதோ அணைந்துபோயிருந்தன. கட்டுமரத்தில் டார்ச்சை முடிந்துகொண்டு போனபோது விதிக்கு உட்பட்டிருந்தவர், இத்தனை விளக்கு வந்தபிறகு விதிக்கு வெளியே போய்விட்டார். அது யாருக்கும் உறுத்தவில்லை. வலைப் பல்பு அணைந்தால் வேலை நிற்கிறது. பக்க விளக்கு அணைந்தால் நமக்கு ஒன்றும் தெரிவதில்லை, எதிரே வருபவனுக்குத்தான் தெரியாமல் போகிறது.

பல்பு மங்குவதற்குக் காரணம் பல்பில் இல்லை. மூன்றும் 21 வாட், சேர்த்து ஐந்தே கால் ஆம்பியர். பேட்டரியிலிருந்து போக ஒன்பது மீட்டர், திரும்ப ஒன்பது மீட்டர், வீட்டுக்குப் போடும் ஒன்றரை சதுர மில்லிமீட்டர் ஒயர். ஒயர் புதிதாக இருந்தாலே வழியில் ஒன்றேகால் வோல்ட் போய்விடும். 230 வோல்ட் வீட்டில் ஒன்றேகால் வோல்ட்டை யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். பன்னிரண்டில் அது பத்தில் ஒரு பங்கு. இழை பல்பில் வோல்ட் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் வெளிச்சம் கிட்டத்தட்ட பத்தில் மூன்று பங்கு குறையும். இதெல்லாம் புது ஒயரின் கணக்கு.

அணியத்துக்குப் போகும் ஒயரில் ஒரு ஜாயின்டைப் பிரித்தேன். முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தார்கள். உள்ளே செம்பின் நிறமே இல்லை. நெகடிவ் ஒயர் கறுத்திருந்தது. பாசிடிவ் ஒயரில் பச்சைப் பொருக்கு ஏறி, இழைகள் விரலில் தேய்த்தால் பொடியாக உதிர்ந்தன. கறுப்பு எதுவரை போகிறது என்று மேலுறையை உரித்துக்கொண்டே போனேன். ஒரு முழம் தாண்டியும் நிற்கவில்லை.

மரக்காணத்துக்காரனுக்கு இதன் காரணம் விளக்கத் தேவையில்லை. காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் சாதா உப்பே நீரை இழுத்துக்கொண்டு கசியும். கடலுப்போடு வரும் மக்னீசியம் குளோரைடு 33 விழுக்காட்டிலேயே கசியத் தொடங்கிவிடும். இந்தக் கரையில் உப்பு பட்ட ஒயர் காய்வதே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். அந்த ஈரத்தின் வழியே பேட்டரி மின்சாரம் கொஞ்சங்கொஞ்சமாகக் கசிகிறது. கசியும்போது கரைவது பாசிடிவ் பக்கத்துச் செம்பு. பாத்தியில் விளைந்து அப்பாவுக்குக் கூலி கொடுத்த உப்பு, மாமாவின் ஒயரைத் தின்றுகொண்டிருந்தது.

"லைட்டத்தானே மாத்தச் சொன்னேன், ஒயர ஏன் பிடுங்குற?" என்றார் மாமா.

"இந்த ஒயர்ல எந்த லைட்டப் போட்டாலும் இதே கதைதான் மாமா."

எல்.இ.டி. வந்தது எங்கள் மாதிரி ஆட்களுக்குப் பெரிய வரம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மூன்று பல்பும் பத்து மணி நேரம் எரிந்தால் ஐம்பது ஆம்பியர் மணிக்கு மேல் இழுக்கும். 75 ஆம்பியர் மணி பேட்டரி விடியுமுன் தளர்ந்துவிடும். மொத்தம் 12 வாட்டில் எல்.இ.டி. போட்டால் அதே இரவுக்குப் பத்து ஆம்பியர் மணி போதும். நீல எல்.இ.டி.யைக் கண்டறிந்த அகாசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014இல் நோபல் பரிசு கொடுத்தபோது உலகம் மின்சாரச் சிக்கனத்தைப் பற்றிப் பேசியது. அந்தச் சிக்கனம் குப்பத்துப் படகில் கண்ணுக்கே தெரிகிறது.

ஆனால் பழைய பல்பு பொறுத்துக்கொண்டதை எல்லாம் எல்.இ.டி. பொறுத்துக்கொள்ளாது. பல்புக்குப் பிளஸ் மைனஸ் மாறினாலும் ஒன்றுதான். இதற்கு மாறக் கூடாது. பழைய படகில் ஒயர் நிறத்தை நம்பவும் முடியாது, பாதி வழியில் சிவப்பும் கறுப்பும் இடம் மாறியிருக்கும். மீட்டர் வைத்துப் பார்த்துத்தான் இணைக்க வேண்டும். 12 வோல்ட் என்று பேர்தானே தவிர, எஞ்சின் பேட்டரியைச் சார்ஜ் ஏற்றும்போது 14.4 வரை போகும். பத்திலிருந்து முப்பது வோல்ட் வரை தாங்கும் டிரைவர் உள்ள விளக்கை வாங்காவிட்டால் சீக்கிரமே கருகிவிடும். பக்க விளக்கில் இன்னொரு சங்கதி. சிவப்புக் கண்ணாடிக்குப் பின்னால் வெள்ளை எல்.இ.டி. வைக்கக் கூடாது. வெள்ளை எல்.இ.டி.யில் நீலம் அதிகம், சிவப்பு குறைவு, அதனால் கண்ணாடி வழியே மங்கல்தான் வரும். சிவப்புக்குச் சிவப்பு, பச்சைக்குப் பச்சை என்றே வாங்க வேண்டும்.

வயர்லெஸ் வைத்திருக்கும் படகுக்காரர்கள் இதையும் பார்க்க வேண்டும். சில எல்.இ.டி. விளக்குகள் வி.எச்.எப்.பில் இரைச்சல் கிளப்பி, வரும் பேச்சை அமுக்கிவிடுகின்றன. அமெரிக்கக் கடலோரக் காவல்படை 2018இல் இதற்காகவே எச்சரிக்கை வெளியிட்டது. சோதிப்பது எளிது. யாரும் பேசாத சேனலில் வைத்து, இரைச்சல் அடங்கும் இடம்வரை ஸ்குவெல்ச்சைத் திருகி, பிறகு விளக்கைப் போட வேண்டும். இரைச்சல் திரும்பினால் அந்த விளக்கு ஆகாது.

மாமாவின் படகில் பழைய ஒயர் முழுவதையும் உருவி எறிந்தோம். வெள்ளீயம் பூசிய செம்பு ஒயர் போட்டு, நுனிகளில் லக் கிரிம்ப் செய்து, பசை உருகி மூடும் ஸ்லீவை மேலே சுருக்கினேன். பேட்டரி பாசிடிவை ஒட்டியே பியூஸ் வைத்தேன். ஒயர் ஷார்ட் ஆனால் பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டும், பைபரோ பற்றி எரியக்கூடியது. பியூஸ் இல்லாமல் எத்தனை படகுகள் ராத்திரியில் போகின்றன என்று நினைத்தால் வயிறு கலங்குகிறது.

விளக்குக்கு அளவு வேண்டும் என்பதையும் இந்தக் கடல் பார்த்துவிட்டது. பெரும் எல்.இ.டி. வரிசைகளின் வெளிச்சத்தைக் கடலில் கொட்டி, குஞ்சும் பெரிசுமாக மீன்களைக் கூட்டிவைத்து அள்ளினார்கள். 2017 நவம்பரில் மத்திய அரசு அதைத் தடை செய்தது, சரியாகத்தான் செய்தது. கரையிலோ கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி விடுதிகளின் விளக்குகள் பெருகிவிட்டன. பொரிந்த ஆமைக்குஞ்சுகள் கடல் என்று நினைத்து அந்தப் பக்கம் நகர்கின்றன. கடலிலிருந்து பார்த்தால், கரைவெளிச்சத்தின் முன்னால் ஒரு படகின் சிவப்பும் பச்சையும் கரைந்துபோகின்றன. அன்று சுற்றிலும் இருட்டு, மாமாவின் டார்ச் தனியாகத் தெரிந்தது. இன்று விளக்கு எரிந்தால் மட்டும் போதாது, நிறம் சுத்தமாக, சரியான உயரத்தில், வலைக் குவியல் மறைக்காமல் தெரிய வேண்டும்.

மாமாவின் படகைப் பார்த்துவிட்டுப் பக்கத்துப் படகுக்காரரும் எல்.இ.டி. கேட்டிருக்கிறார். அவர் பேட்டரி படகின் அடித்தளத்தில், தண்ணீர் தேங்கும் இடத்தில் இருக்கிறது. முதலில் அதை மேலே ஏற்றித் தட்டு அடித்துக் கட்ட வேண்டும், விளக்கு பிறகுதான் என்று சொல்லியிருக்கிறேன்.