முப்பத்தாறு லிட்டர் பானை வாங்குவது எப்படி?

ஜூன் பிறந்து, காசி விஸ்வநாதர் கோயில் வாசலில் காற்று வேட்டியைப் பறிக்க ஆரம்பித்தால் தென்காசிக்காரனுக்கு இரண்டு விஷயம் நிச்சயம். குற்றாலத்தில் தண்ணீர் விழும். வீட்டில் சொந்தக்காரர்கள் வந்து விழுவார்கள். பத்து வருஷமாகப் பேசாத ஒன்றுவிட்ட சித்தப்பாவுக்குக்கூட அந்த நேரத்தில்தான் நம்மேல் பாசம் ஊறும். ரசிகமணி டி.கே.சி. காலத்திலேயே இது உண்டு. அவருடைய குற்றாலம் வீட்டுக்கு ராஜாஜியும் கல்கியும் வந்து போனார்கள். எங்கள் வீட்டுக்கு அந்தத் தரத்தில் யாரும் வருவதில்லை.

போன சீசனில் வந்தவன் அக்கா மகன். அமெரிக்காவில் வேலை, மூன்று வார லீவு. இரண்டாம் நாள் ஐந்தருவியில் குளித்துவிட்டுத் தலையைத் துவட்டியபடியே கேட்டான்.

"மாமா, இங்க நல்ல சில்வர் பானை எங்க கிடைக்கும்? முப்பத்தஞ்சு, நாப்பது லிட்டர் பிடிக்கணும். அடியில குழாய் வச்சுக்கணும்."

"எதுக்குடே? கோயில் கொடையா?"

"பீர் காய்ச்ச."

பக்கத்தில் நின்று குளித்துக்கொண்டிருந்தவர் அருவியை விட்டே வெளியே வந்துவிட்டார்.

அடுத்த மூன்று வாரத்தில் நான் பட்டுத் தெரிந்துகொண்டதைக் கீழே எழுதுகிறேன். பீர் காய்ச்சுகிறவர்களுக்கு இது உதவாது. பானை வாங்குகிறவர்களுக்கு உதவும்.

முதலில் அளவு. அமெரிக்காவில் வீட்டுக் காய்ச்சலுக்கு ஐந்து காலன் என்பது ஒரு ஈடு. நம் கணக்கில் 19 லிட்டர். அதற்கு ஏன் இரண்டு மடங்கு பானை? கொதிக்கும்போது நுரை கட்டிப் பொங்குமாம். இதை மருமகன் பெரிய ஆராய்ச்சி முடிவுபோல விளக்கிக்கொண்டிருந்தபோது, என் மனைவி இட்லி மாவுச் சட்டியின் மூடியைத் திறந்து காட்டினாள். "பாதிக்கு மேல ஊத்துனா காலையில அடுப்படி பூரா மாவு. இதுக்கா நீ அவ்வளவு தூரம் போய்ப் படிச்ச?" ஆகவே விதி: பொங்குகிற எதற்கும் பாதிப் பானைதான் கணக்கு.

கடையில் 'எத்தனை லிட்டர்' என்று கேட்டால் குத்துமதிப்பாக ஒரு பதில் வரும். அதை நம்ப வேண்டாம். கையோடு டேப் கொண்டுபோங்கள். விட்டத்தை விட்டத்தால் பெருக்கி, அதை உயரத்தால் பெருக்கி, 0.785-ஆல் பெருக்கி, ஆயிரத்தால் வகுத்தால் லிட்டர். விட்டம் 36 சென்டிமீட்டர், உயரமும் 36 என்றால் முப்பத்தாறரை லிட்டருக்குக் கொஞ்சம் கூட. எங்களுக்கு அமைந்தது அதுதான். நான் டேப்பைப் பிடித்துக்கொண்டு பானைக்குள் தலையை விட்டிருந்தபோது கடைக்காரர், "அண்ணாச்சி, உள்ள ஆள் உக்காரணுமா?" என்று கேட்டார். பொருட்படுத்தக் கூடாது.

அடுத்தது கனம். எவர்சில்வர் எடைக்கு விற்கிற சாமான் என்பதால் கடைக்காரருக்கும் நமக்கும் கனத்தில்தான் சண்டை. கேஜ் கணக்கு தலைகீழ்; எண் ஏற ஏறத் தகடு மெலியும். 22 கேஜ் முக்கால் மில்லிமீட்டர்கூட வராது. 18 கேஜ் என்றால் 1.2 மில்லிமீட்டர், நம் பானை அந்தத் தகட்டில் மூடியோடு கிட்டத்தட்ட ஆறு கிலோ நிற்கும். விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பது வழக்கம், தட்டுங்கள். அதில் எனக்கு எதுவும் பிடிபட்டதில்லை. ஆனால் தட்டாமல் வாங்கினால் கடைக்காரர் நம்மை வெளியூர் என்று நினைத்துவிடுவார்.

காந்தத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஊரே இதில் ஏமாந்து கிடக்கிறது. காந்தம் ஒட்டாவிட்டால் ஒசத்தி, ஒட்டினால் மட்டம் என்று ஒரு நம்பிக்கை. துருப்பிடிக்காத எஃகு என்று பெயர் வாங்க 10.5 சதவீதம் குரோமியமாவது வேண்டும். அந்தக் குரோமியம் காற்றோடு சேர்ந்து மேலே கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் கட்டிக்கொள்வதால்தான் துரு அண்டுவதில்லை. 304 என்கிற உயர்ந்த ரகத்தில் குரோமியம் 18, நிக்கல் 8 சதவீதம். நிக்கல் விலை கூடுதல். ஆகவே அதைக் குறைத்து மாங்கனீஸைக் கூட்டி 200 வரிசை என்று ஒரு ரகம் வந்தது. அதிலும் காந்தம் ஒட்டாது! போதாக்குறைக்கு, அசல் 304-ஐ அச்சில் வைத்து ஆழமாக இழுத்துப் பானையாக்கும்போது வளைவுகளில் லேசாகக் காந்தம் ஒட்டும். மருமகன் எங்கள் ஃபிரிட்ஜில் இருந்த வாழைப்பழப் பொம்மைக் காந்தத்தைப் பிய்த்துக்கொண்டு வந்து கடை முழுக்க ஒட்டிப் பார்த்தான். கடைக்காரர் பொறுத்துப் பார்த்துவிட்டு, "தம்பி, அது பழத்தோட விளையாட்டு சாமான். பில்லுல 304-ன்னு எழுதித் தாரேன், அதப் பாருங்க" என்றார். எழுதியும் தந்தார். அதைத்தான் எல்லோரும் கேட்டு வாங்க வேண்டும்.

கைப்பிடியைக் கவனியுங்கள். பானை ஆறு கிலோ, விளிம்பு வரை தண்ணீர் முப்பத்தாறு. ஆக நாற்பத்திரண்டு கிலோ கொதிநீரைத் தூக்கப்போகிறீர்கள். புள்ளி வெல்டிங் வைத்து ஒட்டிய காது போதாது. ரிவிட் அடித்தது வேண்டும். அதைவிட நல்லது, தூக்காமலே இருப்பது. அதற்காகத்தான் குழாய்.

பானை வாங்கி முடித்ததும் பெயர் வெட்டியாக வேண்டும். வேண்டாம் என்றாலும் விடமாட்டார்கள். பெயர் வெட்டுகிற பையன் மெஷினைக் கையில் எடுத்துக்கொண்டு, "என்ன விசேஷம்?" என்றான். கல்யாணமா, புதுமனை புகுவிழாவா, சடங்கா என்று நாங்கள் இருவரும் யோசித்து நிற்பதற்குள் அவன் கை பழக்கத்தில் 'அன்பளிப்பு' என்று வெட்டிவிட்டான். பணம் கொடுத்தது மருமகன். யாருக்கு யார் அன்பளிப்பு என்று இன்றுவரை அந்தப் பானை சொல்லவில்லை.

குழாய் வைக்கப் பட்டறைக்குப் போனோம். இங்கேதான் பெரும்பாலான பானைகள் பாழாகின்றன. அரை அங்குலக் குழாயின் மரைக்கு 21, 22 மில்லிமீட்டர் ஓட்டை வேண்டும். எஃகை வேகமாகத் துளைத்தால் அது சூடேறி இன்னும் இறுகிவிடும். பிட் மழுங்கும், சத்தம் மட்டும் வரும். மெதுவாக ஓட்ட வேண்டும், நன்றாக அழுத்த வேண்டும், எண்ணெய் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாக சிலிக்கான் வாஷர். கறுப்பு ரப்பர் வாஷரைப் போட்டுவிட்டால் அதற்குப் பிறகு காய்ச்சுவதெல்லாம் சைக்கிள் டியூப் மணக்கும். ஓட்டையின் விளிம்பை அரம் போட்டு மழுக்காவிட்டால் வாஷர் அறுந்து ஒழுகும். எங்களுக்கு முதல் தடவை ஒழுகியது. ஓட்டை அடித்தட்டிலிருந்து இரண்டு விரற்கடை மேலே இருக்கட்டும். வண்டல் கீழே தங்கும், தெளிவு மட்டும் குழாயில் வரும்.

வெப்பமானிக்கு இன்னொரு ஓட்டை வேண்டும் என்றான் மருமகன். முளைகட்டிய பார்லியை 65 முதல் 67 டிகிரி சூட்டில் ஒரு மணி நேரம் ஊற வைத்தால்தான் மாவு சர்க்கரையாக மாறுமாம். "கேப்பையை முளைகட்டி வறுத்துக் குழந்தைக்குக் கூழ் காய்ச்சினவதாம்டே உன்னைப் பெத்தவ, அவ எந்த மானியை வச்சா?" என்றேன். பானையில் ஓட்டை ஒன்று போதும். ஓட்டைக்கு ஓட்டை ஒழுக்கு.

இவ்வளவும் நடக்கும்போது வாயைத் திறக்காத பட்டறைக்காரர், குழாயை முறுக்கிக்கொண்டே கேட்டார்: "சாராயக் கேஸ் ஒண்ணும் இல்லையே?"

அப்போதுதான் சட்டம் ஞாபகம் வந்தது. அமெரிக்காவில் மதுவிலக்கு 1933-லேயே முடிந்தாலும், வீட்டில் பீர் காய்ச்ச அனுமதி வந்தது 1978-ல்தான். ஜனாதிபதி கார்ட்டர் கையெழுத்துப் போட்டார். வயது வந்த இருவர் உள்ள வீட்டுக்கு வருஷத்துக்கு 200 காலன் வரை வரி கிடையாது. நமக்கு 1937-ஆம் வருஷச் சட்டம். டி.கே.சி. வீட்டு விருந்தாளியான அதே ராஜாஜி, சென்னை மாகாணப் பிரதமராக இருந்தபோது கொண்டுவந்தது. உரிமம் இல்லாமல் மது காய்ச்சினால் குற்றம் என்பது எல்லோருக்கும் தெரியும். காய்ச்சுவதற்கென்று பாத்திரம் வைத்திருந்தாலே குற்றம் என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. அதாவது பானையில் குற்றம் இல்லை, நினைப்பில்தான். அதே பானை, அதே குழாய்; மனதில் பாயசம் என்றால் பாத்திரம், பீர் என்றால் தடயப் பொருள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. மதுவிலக்கு முதன்முதலில் அமலானது சேலம் ஜில்லாவில், 1937 அக்டோபர் 1. பிற்பாடு எவர்சில்வர் தகட்டுக்குப் பேர் வாங்கிய உருக்காலை வந்ததும் அதே சேலத்தில். பானையையும் கொடுத்து, அதில் காய்ச்சக் கூடாது என்று சொன்னதும் ஒரே ஊர்.

"சுக்குக் காபிக்கு அண்ணாச்சி" என்றேன் பட்டறைக்காரரிடம். சொன்ன மாத்திரத்தில் அது உண்மையாகிவிட்டது. மருமகன் முகம் தொங்கிப்போயிற்று. புளியரை தாண்டி ஆரியங்காவு பக்கம் போனால் கேரளத்துக் கள்ளுக்கடை இருக்கிறது, வேண்டுமானால் அங்கே போய் ஆராய்ச்சியைத் தொடரு என்று ஆறுதல் சொன்னேன். அவன் பானையோடு வீட்டுக்கே வந்தான்.

புதுப் பானையை அப்படியே அடுப்பில் ஏற்றக் கூடாது. பாலிஷ் மசி உள்ளே ஒட்டியிருக்கும். சோப்புப் போட்டுத் தேய்த்து, எலுமிச்சை உப்பு கரைத்த வெந்நீரை ஊற்றி அரை மணி நேரம் விட்டுக் கழுவுங்கள். இரும்பு நார் தொடாதீர்கள். அதன் துணுக்கு ஒட்டி, பானைக்கு இல்லாத துரு அதற்கு வரும். பிளீச்சிங் பவுடர் கூடவே கூடாது, படலத்தைத் தின்று குழி குழியாக்கும். பச்சைத் தண்ணீரில் கல்லுப்பைக் கொட்டி வைப்பதும் அப்படித்தான். கொதி வந்த பிறகு உப்புப் போடுங்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருபத்திரண்டு பேர். வெளியே விடாத சாரல். சுக்கு, மிளகு, கொத்தமல்லி, கருப்பட்டி போட்டு முக்கால் பானைத் தண்ணீரை கேஸ் அடுப்பில் ஏற்றினோம். கொதிக்க இரண்டு மணி நேரம் ஆயிற்று. இந்த அளவுக்கு விறகடுப்புதான் சரி என்று இத்துடன் சேர்த்துக்கொள்ளவும். கருப்பட்டி என்பதே ஒரு வகையில் பீர் ஆகாமல் தப்பித்த சங்கதி. கலயத்தில் சுண்ணாம்பு தடவாவிட்டால் பதநீர் வெயில் ஏறுவதற்குள் கள்ளாகத் திரும்பிவிடும். தடவினால் நின்றுவிடும், காய்ச்சினால் கருப்பட்டி. இதைச் சொன்னபோது மருமகன் ஒரு துண்டு கருப்பட்டியை எடுத்து முகர்ந்து பார்த்தான்.

அடுப்பை அணைத்துக் கால் மணி நேரம் விட்டுக் குழாயைத் திறந்தோம். கருப்பட்டியின் மண்ணும் சுக்குச் சக்கையும் அந்த இரண்டு விரற்கடைக்குள் படிந்து கிடக்க, டம்ளரில் விழுந்தது தெளிந்த சாறு. மருமகன் டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து நிறம் பார்த்தான். ஒரு வாய் வைத்துச் சப்புக்கொட்டினான். ஒன்றுவிட்ட சித்தப்பா நான்கு டம்ளர் குடித்தார்.

லீவு முடிந்து அவன் போய்விட்டான், பானை இங்கேதான் இருக்கிறது. வருகிற சீசனுக்கு வருகிறவர்கள் தாராளமாக வரலாம். துண்டு மட்டும் கொண்டுவந்துவிடுங்கள். சுக்குக் காபி பிடிக்கும்போது குழாயை வலப்பக்கமாகத் திருகவும். இடப்பக்கம் திருகினால் குழாயே கையோடு வந்துவிடும்.