ஸ்பீக்கரில் கோளாறு இல்லை

நண்பர்கள் வட்டத்தில் எனக்கு 'உலக சினிமா' என்றொரு பட்டப்பெயர் உண்டு. அதைக் காப்பாற்ற நான் செய்த தில்லுமுல்லுகளில் ஒன்று, எலெம் கிளிமோவின் 'கம் அண்ட் சீ' படத்தைப் பார்க்காமலேயே பல வருஷம் சிலாகித்துவந்தது. 1985இல் வந்த சோவியத் படம். ஜெர்மானியர் பிடியில் பெலாரஸ், 1943. மணலைத் தோண்டித் துப்பாக்கி எடுத்துக்கொண்டு கெரில்லாப் படையில் சேரப்போகும் ஃப்ளியோரா என்ற பையன். இவ்வளவு தெரிந்தால் போதும், டீக்கடையில் அரைமணி நேரம் ஓட்டிவிடலாம். அதன் ஒலியமைப்பைப் பற்றி ஒரு கூட்டத்தில் மைக் பிடித்தே பேசியிருக்கிறேன்.

ஒருவழியாகப் படம் பென்டிரைவில் கைக்கு வந்தது. காட்டில் குண்டு விழுந்ததும் மற்ற சத்தமெல்லாம் அமுங்கி, 'ங்ங்ஙொய்' என்று ஓர் இரைச்சல். புது ஸ்பீக்கர்! விற்றவரை மனதாரத் திட்டியபடி வயரைப் பிடுங்கிச் சொருகினேன், ஊதினேன், உள்ளங்கையால் தட்டினேன். படம் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. பரணில் கிடந்த பழைய ஸ்பீக்கரை இறக்கி, தூசு தட்டி மாட்டினால் அதிலும் அதே இரைச்சல். பையனுக்குக் காது அடைத்துவிட்டது, அவன் காதால்தான் நாமும் கேட்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது. ஒலியமைப்பு நிபுணர்!

தவறவிட்டதைப் பின்னால் ஓட்டிப் பார்த்தேன். ஃப்ளியோரா வீடு திரும்புகிறான். ஆள் யாருமில்லை. அடுப்பில் சூப் இன்னும் ஆறவில்லை. ஈ மொய்க்கிறது. தரையில் பொம்மைகள். எல்லோரும் தீவில் ஒளிந்திருப்பார்கள் என்று தானாகவே முடிவுகட்டிக்கொண்டு ஓடுகிறான். கூட ஓடும் கிளாஷா என்ற பெண் ஒருதரம் திரும்பிப் பார்க்கிறாள். வீட்டுச் சுவரோரம் ஊர் ஜனம் பிணமாகக் குவிந்து கிடக்கிறது. அவன் திரும்பவே இல்லை. கேமராவும் அங்கே நிற்பதில்லை. எனக்குத் தெரிந்து போரைச் சொல்ல இதைவிடக் கறாரான காட்சி சினிமாவில் இல்லை. நான் அப்போது பரணில் இருந்திருக்கிறேன்.

திரைக்கதையில் கிளிமோவுடன் சேர்ந்து எழுதிய அலெஸ் அதமோவிச், சிறுவயதிலேயே கெரில்லாப் படையில் இருந்தவர். பையனாக நடித்த அலெக்ஸி கிராவ்சென்கோ நடிப்புக்குப் புதியவன். கதை வரிசைப்படியே படம்பிடித்தார்கள். ஆரம்பத்தில் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிற முகம், முடிவதற்குள் கிழடு தட்டிவிடுகிறது. ஒப்பனைதான் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன், பலிக்கவில்லை. வேறோர் ஊரை ஒரே கட்டடத்தில் அடைத்துக் கொளுத்தும் இடம் வந்ததும் தாகமே இல்லாமல் போய்த் தண்ணீர் குடித்தேன். திரும்பி வந்தும் முடியவில்லை. மிச்சத்தை மறுநாள் பகல் வெளிச்சத்தில், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தேன்.

628 பெலாரஸ் கிராமங்கள் மக்களோடு சேர்த்து எரிக்கப்பட்டன என்று கடைசியில் எழுத்து வருகிறது. அந்நேரம் நான், 'அனைவரும் கட்டாயம் பார்க்க வேண்டிய படம்' என்று வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் போட்டுக்கொண்டிருந்தேன்.

கிளிமோவ் 2003இல் காலமானார். இந்தப் படத்துக்குப் பிறகு அவர் வேறு படம் எடுக்கவில்லை.