கீச்கீச்: பழைய வண்டி மீட்டரின் ஒலிப் பிறப்பியல்

1. ஆய்வுப் பொருளும் எல்லையும்

மதுரையில் ஒரு மார்கழிக் காலை. ஏழு மணிக்கு இவ்வாய்வாளனின் மோட்டார் சைக்கிள் அணில்போல் கத்தத் தொடங்கியது. உண்மையான அணில்தான் என்று எண்ணி, தெருவோர வேப்பமரங்களைப் பார்த்தபடியே அரை ஃபர்லாங் ஓட்டினான். மரங்கள் முடிந்தன, அணில் முடியவில்லை. வேகம் கூட்டியதும் அணிலும் சுருதி கூட்டியது. இவ்வாய்வின் தோற்றுவாய் அதுவே.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட வண்டி 1989-இல் வாங்கப்பட்ட நூறு சிசி வண்டி. தகவலாளரின் அடையாளத்தைக் காப்பது ஆய்வறம் என்பதால் நிறுவனத்தின் பெயரும் பதிவெண்ணும் மறைக்கப்பட்டுள்ளன. ஓடிய தொலைவு, மீட்டரின்படி, 23,000 கிலோமீட்டர். ஐந்து இலக்கத்துக்கு மேல் எண்ணத் தெரியாத மீட்டர் ஒருமுறை பூஜ்யத்துக்குத் திரும்பிவிட்டது. ஆகவே மேற்படி எண்ணோடு ஒரு லட்சத்தைக் கூட்டிக்கொள்க.

கலைச்சொல் பற்றி ஒரு குறிப்பு. ஏடுகள் இக்கருவியை வேகமானி என்கின்றன. பட்டறையில் அச்சொல்லைச் சொன்னால் வெயிலில் நின்றுவிட்டு வந்தீர்களா என்று கேட்கிறார்கள். அங்கே அது மீட்டர். அதற்குப் போவது மீட்டர் கேபிள். கேபிளின் கறுப்பு உறை அவுட்டர். உறைக்குள் சுழலும் எஃகு முறுக்கு இன்னர். முன்சக்கரக் குடத்திலிருந்து அதைச் சுழற்றிவிடும் பல்லமைப்பு வார்ம். இக்கட்டுரை பட்டறை வழக்கையே பின்பற்றும். இதைப் புரிந்துகொள்ள வேண்டியவர் மெக்கானிக், தேர்வாளர் அல்லர்.

2. முன்னாய்வுகள்

இத்துறையில் ஏற்கெனவே மூன்று கொள்கைகள் நிலவுகின்றன.

முதலாவது துண்டிப்புக் கொள்கை. இதன் ஆசிரியர் மெக்கானிக். வண்டியின் மேல் கைகூட வைக்காமல் அவர் நிறுவியது: "மீட்டர் கேபிளைக் கழட்டி விட்ருவோம் சார், சத்தம் போயிரும். இந்த வண்டியில என்ன எம்பது தொண்ணூறா போகப் போறீங்க?" ஊரில் ஓடும் பழைய வண்டிகளில் பலவற்றின் முள் பூஜ்யத்தில் நிரந்தரமாகப் படுத்திருப்பது இக்கொள்கையின் செல்வாக்குக்குச் சான்று. ஆனால் 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 117-ஆம் விதி வேகமானியை வற்புறுத்துகிறது. இவ்வாய்வாளன் அரசு ஊழியன். ஓய்வூதியம் நெருங்கும் வயதில் சட்ட மறுப்பில் இறங்க இயலாது.

இரண்டாவது பேரிங் கொள்கை. எதிர்வீட்டு அண்ணாச்சியுடையது. "வீல் பேரிங் போயிருச்சு தம்பி" என்றார். இதே கொள்கையை அவர் முன்பு எங்கள் மிக்ஸிக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் சீலிங் ஃபேனுக்கும் பொருத்திக் காட்டியவர். ஃபேன் விஷயத்தில் அவர் சொன்னது பலித்துவிட்டதால் அவரை முற்றாக ஒதுக்கவும் முடியவில்லை.

மூன்றாவது எண்ணெய்க் கொள்கை. இவ்வாய்வாளனின் இல்லத்தரசி, முப்பது ஆண்டாகத் தையல் மெஷின் மிதிப்பவர், ரவிக்கைத் துணியிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னது: "எண்ணெ இல்லாத சத்தங்க அது." இக்கூற்றுக்கு ஆதாரமாக அவர் நூல் எதையும் காட்டவில்லை. கையில் இருந்த நூல் வேறு வகை. எனவே இக்கொள்கை ஆய்வின் தொடக்கத்திலேயே நிராகரிக்கப்பட்டது.

3. கோட்பாட்டுப் பின்புலம்

தொல்காப்பிய எழுத்ததிகாரத்தில் பிறப்பியல் என்றோர் இயல் உண்டு. உந்தியிலிருந்து கிளம்பும் காற்று தலை, மிடறு, நெஞ்சு ஆகிய இடங்களில் நின்று, பல்லும் இதழும் நாவும் மூக்கும் அண்ணமும் தொழிற்படுவதால் வெவ்வேறு எழுத்தொலிகளாகிறது என்பது அதன் சாரம். கிளம்பும் இடம் ஒன்று. உருப்பெறும் இடம் வேறு. மோட்டார் சைக்கிளைப் பற்றி இவ்வளவு தெளிவாக வேறெவரும் எழுதி இவ்வாய்வாளன் படித்ததில்லை. வண்டியின் உந்தி முன்சக்கரக் குடம். வடமொழியில் கொப்பூழுக்கும் சக்கரக் குடத்துக்கும் நாபி என்ற ஒரே சொல்தான். மிடறு, கேபிள். தலை, மீட்டர். சத்தம் தலையில் கேட்கிறது என்பதற்காகத் தலையில்தான் பிறந்தது என்று முடிவுகட்டுவது இலக்கணப் பிழை.

மேலைக் கோட்பாட்டாளர் ஓட்டோ ஷுல்ட்ஸே. ஸ்ட்ராஸ்பர்க்கில் வாழ்ந்த இவர் 1902-இல் காப்புரிமை பதிந்த அமைப்புத்தான் நம் பழைய வண்டிகளின் மீட்டருக்குள் இன்றும் இருக்கிறது. இன்னரின் மேல்முனை ஒரு சிறு காந்தத்தைச் சுழற்றும். காந்தத்தின் மேல் கவிழ்த்து வைத்ததுபோல் ஓர் அலுமினியக் குவளை. குவளையின் தண்டில் முள். காந்தம் அலுமினியத்தை இழுக்காது என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் சுழலும் காந்தம் அலுமினியத்துக்குள் சுழல் மின்னோட்டங்களை எழுப்பும்; 1855-இல் ஃபூக்கோ கண்டறிந்த விஷயம் இது. அந்த மின்னோட்டம் தனக்கென ஒரு காந்தப்புலத்தை உண்டாக்கிக்கொள்ள, குவளை காந்தத்தின் பின்னாலேயே போகப் பார்க்கும். போகவிடாமல் மயிரிழை போன்ற ஒரு சுருள்வில் பிடித்து நிறுத்தும். இழுவையும் வில்லும் சமாதானமாகும் இடத்தில் முள் நிற்கும். வேகம் கூடினால் இழுவை கூடும், முள் ஏறும்.

இதில் ஆய்வுலகம் கவனிக்கத் தவறிய செய்தி ஒன்று உண்டு. காந்தமும் குவளையும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை. தொடாதவை உரசா, உரசாதவை கத்தா. ஆகவே காந்தம், குவளை, முள் மூவரும் நிரபராதிகள். கிலோமீட்டர் எண்களை உருட்டும் குட்டிப் பற்கள் தொட்டுக்கொள்பவைதாம். ஆனால் அவை நகரும் வேகத்தில் அணில்போல் கத்துவது கடினம். மிஞ்சுவன மூன்று உரசலிடங்கள்: குடத்தில் வார்மின் பற்கள், அவுட்டருக்குள் இன்னர், மீட்டருக்குள் காந்தத்தின் தண்டைத் தாங்கும் புஷ். உந்தி, மிடறு, தலை. தொல்காப்பியரும் ஷுல்ட்ஸேயும் கலந்து பேசாமலே ஒரே பட்டியலுக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

4. ஒலி வகைப்பாடு

பிற நாட்டார் ஒலியை அதிர்வெண்ணால் அளப்பர். தமிழருக்கு இரட்டைக்கிளவி இருக்கிறது. சுழலும் பொருளில் உள்ள பழுது ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை தலைகாட்டும் என்பதால் அதன் ஒலி தனித்து வராது, இரட்டித்தே வரும். தனியாக ஒரே ஒரு 'கிறீச்' கேட்டால் அது பிரேக். நம் ஆய்வெல்லைக்கு அப்பாற்பட்டது.

கீச்கீச் என்பது உலோகமும் உலோகமும் எண்ணெய் இன்றிப் பேசிக்கொள்ளும் மொழி. பெரும்பாலும் மீட்டரின் புஷ்ஷில் பிறக்கும். குளிர்காலையில் உரக்கவும் வண்டி சூடேறியபின் அடக்கமாகவும் ஒலிக்கும். பட்டறைக்குப் போய்ச் சேர்ந்ததும் சத்தம் மாயமாகி, "எங்க சார், ஒண்ணும் காணோமே" என்று மெக்கானிக் நம்மை மேலும் கீழும் பார்ப்பதன் காரணம் இதுதான். நான்கு கிலோமீட்டர் ஓடியதில் தண்டும் புஷ்ஷும் சமரசமாகிவிடுகின்றன. வண்டிக்கு வஞ்சம் என்று ஏதும் இல்லை.

கரகர என்பது உலர்ந்த இன்னர் அவுட்டரின் உட்சுவரைத் தேய்ப்பது. இதன் துணைக்குறி முள்ளாட்டம். ஊஞ்சல் கயிற்றை முறுக்கி விட்டால் சற்று நின்று, பிறகு படபடவென்று அவிழுமே, அதுபோல இன்னர் எங்கோ ஓரிடத்தில் சிக்கி, முறுக்கேறி, விடுபட்டுத் துள்ளும். அத்துள்ளலுக்கெல்லாம் முள் இருபதுக்கும் நாற்பதுக்கும் இடையே பரதம் ஆடும்.

கடகட என்பது வார்மின் பல்லோ சக்கர பேரிங்கோ. இது காதைவிடக் கைப்பிடியில் முதலில் தெரியும்.

எண்ணிப் பார்க்கும் முறையும் ஒன்று உண்டு. 18 அங்குலச் சக்கரம் ஒரு சுற்றில் ஏறத்தாழ 1.85 மீட்டர் கடக்கும். 40 கிலோமீட்டர் வேகத்தில் அது நொடிக்கு ஆறு சுற்று. சத்தமும் நொடிக்கு ஆறுமுறை வந்தால் சக்கரத்தைச் சந்தேகிக்கலாம். இன்னர் சக்கரத்தைவிட வேகமாகச் சுழலும்படி பல் வெட்டியிருப்பார்கள். ஆகவே அதைவிட நெருக்கமாக வந்தால் கேபிளையோ மீட்டரையோ பிடிக்கலாம். ஷேர் ஆட்டோவின் பின்னால் போய்க்கொண்டே நொடிக்கு ஆறு எண்ணுவது உயிருக்கு உகந்ததன்று என்பது இரண்டாம் நாளே தெளிவானதால் இம்முறை கைவிடப்பட்டது.

5. களப்பணி

சோதனை ஒன்று. மேம்பாலத்தின் இறக்கத்தில் எஞ்சினை அணைத்து, நியூட்ரலில் உருட்டியபோதும் கீச்கீச் தொடர்ந்தது. ஆக எஞ்சினுக்கும் சத்தத்துக்கும் உறவில்லை. பின்னால் வந்த டவுன் பஸ் ஓட்டுநர் இச்சோதனையைப் பற்றித் தெரிவித்த கருத்து அச்சிடத் தக்கதன்று.

சோதனை இரண்டு. மீட்டரின் அடியில் கேபிளைப் பிடித்திருக்கும் வளையத்தைக் கையாலேயே திருகிக் கழற்றி, கேபிள் முனையைத் துணியால் ஒதுக்கிக் கட்டிவிட்டு ஓட்டப்பட்டது. கீச்கீச் ஒழிந்தது. ஆனால் அதுவரை அதன் நிழலில் ஒளிந்திருந்த கரகர இப்போது தனியாகக் கேட்டது. நோயாளிக்கு ஒன்றல்ல, இரண்டு நோய்.

சோதனை மூன்று. கேபிள் சக்கரப் பக்கத்திலும் கழற்றப்பட்டது. முழு அமைதி. இங்கே அவசரப்படலாகாது: இழுக்கச் சுமை இல்லாத வார்ம், பல் தேய்ந்திருந்தாலும் வாயை மூடிக்கொண்டிருக்கும். எனவே குடம் திறந்து பார்க்கப்பட்டது. பற்கள் ஒழுங்கு, கிரீஸ் ஈரத்தோடு இருந்தது. சென்டர் ஸ்டாண்டு போட்டு, எஞ்சினுக்கு அடியில் மரக்கட்டை கொடுத்து, முன்சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுற்றியதில் பேரிங்கும் பழுதற்றது எனத் தெரிந்தது. முடிவு அண்ணாச்சிக்கு முறைப்படி தெரிவிக்கப்பட்டது. "இப்பப் போகலேன்னா என்ன, பொறவு போகும்" என்று அவர் தம் கொள்கையைத் திருத்தி வெளியிட்டார்.

6. சிகிச்சை

இன்னர் உருவப்பட்டு, பழைய தினத்தாள் மேல் கிடத்தப்பட்டது. ஈரப்பசை என்பதே இல்லை. நெடுக ஓடிய செம்பழுப்புத் துரு, அதற்குக் கடைசியாக எண்ணெய் காட்டியது யாரென்று நினைவில்லாத காலத்தைச் சொன்னது. இரு முனைகளையும் இரு கையால் பிடித்து, நடுப்பகுதியைத் தொங்கவிட்டு, விரலால் மெல்லத் திருகினால், ஒழுங்கான இன்னர் சீராகச் சுழலும். மடங்கியது ஓரிடத்தில் நின்று துள்ளும். இது துள்ளவில்லை. முனைகளின் சதுரமும் உருண்டு போகவில்லை. உருண்டிருந்தால் மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

மண்ணெண்ணெயில் துருவும் அழுக்கும் கழுவி, துடைத்து, உலர்த்தி, மெல்லிய கிரீஸை விரலில் தொட்டுத் தடவியாயிற்று. இங்கே பாமரர் இழைக்கும் பெரும்பிழை ஒன்று உண்டு: நோய் தலையில் என்பதால் மேல்முனைக்குத் தாராளமாக அப்பிவிடுவது. இன்னர் பல இழைகள் சுற்றிய முறுக்கு. சுழலும்போது அது திருகாணி ஏற்றம்போல் கிரீஸை மேலே மேலே இறைக்கும். கடைசியில் மீட்டருக்குள் கொண்டுபோய்க் கொட்டும். காந்தத்துக்கும் குவளைக்கும் இடையில் பிசுக்கு புகுந்தால், தொடாமல் இருந்தவை ஒட்டிக்கொண்டு, முப்பதில் போகிறவருக்கு ஐம்பது காட்டும். எனவே மேல்பக்கம் ஒரு சாண் அளவுக்கு இன்னரை வறட்சியாகவே விட வேண்டும். தானே ஏறிவரும் என்று பொறுத்திருப்பது இங்கே ஓர் எந்திரவியல் கோட்பாடு.

அவுட்டரை மீண்டும் மாட்டும்போது இன்னொன்று தெரிந்தது. யாரோ முன்பு ஒரு பிளாஸ்டிக் பட்டையால் அதை ஃபோர்க்கோடு இறுக்கிக் கட்டி, மிடற்றைக் கைப்பிடியால் நெரித்ததுபோல் வளைத்திருந்தார்கள். பட்டை அறுக்கப்பட்டது. கைப்பிடியை இருபுறமும் முழுக்கத் திருப்பிப் பார்த்து, எங்கும் இழுபடாமல் பெரிய வளைவாகக் கேபிள் விடப்பட்டது.

கடைசியாகத் தலை. மீட்டரைக் கழற்றித் தலைகீழாகப் பிடித்து, இன்னர் செருகும் துளையில் புஷ்ஷுக்கு இரண்டே சொட்டு மெல்லிய எண்ணெய். மூன்றாவது சொட்டு பேராசை. ஒரு சிறு குச்சியால் தண்டைச் சுழற்றிவிட்டு, இரவு முழுவதும் அப்படியே கவிழ்த்து வைக்கப்பட்டது. இரண்டு சொட்டுக்காக லிட்டர் கணக்கில் எஞ்சின் ஆயில் வாங்குவது சிக்கனமன்று, அது கெட்டியானதும்கூட. மெல்லியதாய், துளியாய் விழும் மூக்கோடு, வீட்டிலேயே இருந்த ஒரே எண்ணெய் தையல் மெஷின் எண்ணெய். உள்ளறை இழுப்பறையிலிருந்து டப்பா எடுத்து வரப்பட்டது.

7. முடிவுகளும் வாய்மொழித் தேர்வும்

மறுநாள் காலை ஏழு மணிக்கு வண்டி எடுக்கப்பட்டது. வேப்பமரம்வரை அணில் இல்லை. மரத்தில் உண்மையான அணில் ஒன்று கத்தியது. அதை இவ்வாய்வு தன் சாதனைக்கு எதிரான சான்றாகக் கொள்ளவில்லை. முள் நாற்பதில் ஆடாமல் நின்றது. மூன்று வாரக் களப்பணி, மூன்று சோதனைகள், இரு பெருங்கோட்பாடுகள் ஆகியவற்றின் விளைவாக நிறுவப்படுவது யாதெனின்: மேற்படி ஒலி உலர்ந்த இன்னரிலும் உலர்ந்த புஷ்ஷிலும் பிறந்தது; அதாவது, அது எண்ணெய் இல்லாத சத்தம்.

இம்முடிவு, தொடக்கத்தில் நிராகரிக்கப்பட்ட மூன்றாம் கொள்கையோடு சொல்லுக்குச் சொல் ஒத்துப்போவது தற்செயலானது.

அன்று மாலை புறத்தேர்வாளர் முன் ஆய்வேடு வைக்கப்பட்டது. நாபி என்ற சொல்லாட்சி, ஸ்ட்ராஸ்பர்க், இரட்டைக்கிளவி எல்லாவற்றையும் இவ்வாய்வாளன் விரிவாக எடுத்துரைத்தான். தேர்வாளர் மெஷினை மிதித்தபடியே பொறுமையாகக் கேட்டார். மெஷினிலிருந்து, மிதிக்கு ஒன்றாக, கீச்கீச் என்று ஓர் ஒலி வந்துகொண்டிருந்தது. உரை முடிந்ததும் அவர் மிதிப்பதை நிறுத்தி, ஒரே ஒரு வினா எழுப்பினார்.

"அதெல்லாம் இருக்கட்டுங்க. என் எண்ணெ டப்பாவ எங்க வெச்சீங்க?"