திருப்பதிக்கே லட்டா, பேராண்டி?

ஏம்ப்பா பேராண்டி, உங்க பாட்டி காலையில இருந்து உரலை விட்டு நகரலை. குண்டூர் மிளகாய், காம்பு கிள்ளி, வெயில்ல காயவெச்சு, இடிச்சு, சலிச்சு, மெக்சிகோவுக்குப் பார்சல் கட்டப் போறாளாம். "அடியே, மிளகாய் பொறந்த ஊரே அதுதான். போர்ச்சுக்கீசியன் கப்பலேறி இங்க வந்து ஐநூறு வருஷம் ஆவுது. திருப்பதிக்கே லட்டு அனுப்புறியே?"ன்னேன். பதில் சொல்லலை, கையிலிருந்த உலக்கையைப் பார்த்தா. நான் திண்ணைக்கு வந்துட்டேன்.

நீ போன் பண்ற நேரமே எனக்குச் சந்தேகம். இங்க சனிக்கிழமை காலை ஒன்பது, பெருமாளுக்கு ஒருபொழுது இருந்துட்டு வெறும் வயித்தோட உட்காந்திருக்கேன். உனக்குப் பதினொன்றரை மணி நேரம் பின்னாடி, வெள்ளிக்கிழமை ராத்திரி. சனி இன்னும் பொறக்கலைன்னு கோழியை முடிச்சுடறே. பெருமாள் எந்த ஊரு கடிகாரம் கட்டியிருக்கார்னு நீயே விசாரிச்சுக்கோ.

போன ஞாயித்துக்கிழமை நீ இருக்கிற குவாதலஹாராவுல இருந்து டெக்கிலாங்கிற ஊருக்குப் போனதா போட்டோ அனுப்பினே. பெரிய தொப்பி, பின்னாடி நீலமா கற்றாழைக் காடு. "செடி பார்க்கப் போனோம் தாத்தா"ன்னே. நம்ம கொல்லை வரப்புல நிக்கிற ஆனைக் கற்றாழையோட பங்காளிதான் அது. இங்க இருந்த வரைக்கும் அதை ஒருநாள் திரும்பிப் பார்த்ததில்லை நீ. பாட்டி நம்பிட்டா. நானும் நம்பிட்டேன்னே வெச்சுக்கோ.

ஆனா ஒரு விஷயம் உறுத்துது. எந்த போட்டோவுலயும் அதே ஆறு மூஞ்சி, எல்லாம் நம்ம பசங்க. சனிக்கிழமையானா ஒரே வீட்டுல கூடி சாம்பார், சீட்டு, கிரிக்கெட். இதுக்கு எதுக்குடா ஏரோப்ளேன்? சித்தூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ரூம் எடுத்திருந்தா செலவு மிச்சம்.

நம்ம கதையைக் கேளு. 1953-ல மெட்ராஸ் மாநிலத்துல படுத்தவங்க ஆந்திராவுல எழுந்தோம். 1960-ல திருத்தணியை மெட்ராஸ் பக்கம் கொடுத்தாங்க, நாம இங்கே சித்தூர் பக்கமே நின்னுட்டோம். பாஸ்போர்ட் இல்லை, விசா இல்லை, திண்ணையில இருந்தபடியே வெளிமாநிலத்தான். வீட்டுல தமிழு, சந்தையில தெலுங்கு. தக்காளிக்காரிகிட்ட "கிலோ எந்தம்மா?"ன்னு கேட்டுக் கேட்டே ஒரு பாஷையைச் சம்பாதிச்சோம். அந்த வம்சத்துல வந்துட்டு ஸ்பானிஷ் வரலைங்கிறியே!

அங்கயும் தெருவுல வாரச்சந்தை போடுறாங்களாம், தியாங்கிஸ்னு பேராம். இந்த ஞாயிறு தனியா போ, பையோட போ. ஏமாந்தாலும் பரவாயில்லை, பத்து வார்த்தையாவது வீட்டுக்கு வரும். அங்க ஒரு மாம்பழத்துக்கு மணிலான்னே பேரு, அந்த ஊருலேர்ந்து கப்பல்ல போனதாலே. நம்ம பக்கம் வேர்க்கடலைக்கு மணிலாக்கொட்டைன்னு பேரு, காரணமும் அதுவே. ஒரே துறைமுகத்தை வெச்சு அவன் பழத்தைக் கூப்பிடறான், நாம கொட்டையைக் கூப்பிடறோம். இதைவிடச் சொந்தம் கொண்டாட வேற என்ன வேணும்?

டிசம்பர் 12-ல மெக்சிகோ சிட்டி குவாதலூப்பே மாதா கோயிலுக்கு ஜனம் முட்டிபோட்டே வருமாம். திருப்பதி அலிபிரியில 3,550 படி ஏறி, மோகாளு மெட்டுல முழங்கால் தேய்ச்சவன் பேரன் நீ. கூட்டத்துல நின்னு பாரு, பாஷை தேவைப்படாது.

பார்சல் வந்ததும் பாதித் தூளைச் சந்தைக்காரம்மாவுக்குக் கொடு. ருசி பார்த்துட்டு என்ன சொல்றாங்கன்னு கேட்டு எழுது. "காரமே இல்லையே"ன்னு சொன்னா மட்டும் எனக்குத் தனியா எழுது. உலக்கை இன்னும் அவ கையிலதான் இருக்கு.