உடன்கட்டை ஏறாத புரோகிராம்கள்

1970களின் தொடக்கம். நியூஜெர்சியின் மர்ரே ஹில்லில் பெல் ஆய்வுக்கூடம். கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி என்ற இரண்டு தாடிக்காரர்கள் யுனிக்ஸைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். எதிரே திரை கிடையாது. நொடிக்கு 10 எழுத்தைத் தடதடவென்று தாளில் அடிக்கும் டெலிடைப் மாடல் 33தான். வீட்டிலிருந்து வேலை பார்க்க வேண்டுமா? கம்ப்யூட்டருக்குப் போன் போட்டு, ரிசீவரை மோடத்தின் இரண்டு ரப்பர் கிண்ணங்களில் அழுத்திக் கவிழ்த்துவிட்டு, யாரும் வயரில் தடுக்கி விழக்கூடாதே என்று வேண்டிக்கொள்ளலாம்.

யாராவது விழுந்தால்? லைன் அறுந்ததும் யுனிக்ஸின் மையமான கர்னல், எசமான் காலமாகிவிட்டார் என்றே முடிவு கட்டும். அவர் ஓடவிட்ட புரோகிராம்கள் அத்தனையும் உடன்கட்டை ஏற வேண்டும். அதற்கான ஓலைதான் சிக்ஹப். சிக்னல் வரிசையில் நம்பர் 1. முக்கால்வாசி முடிந்த கணக்கானாலும் கதை முடிந்தது. கொடூரம்தான். ஆனால் கொல்லாமல் விட்டால், அதே லைனில் அடுத்துப் போன் போடும் ஆசாமி நேராக உங்கள் ஷெல்லுக்குள் வந்து உட்கார்ந்துவிடுவார்.

1973-இல், யுனிக்ஸின் நான்காம் பதிப்போடு, நோஹப் என்ற கட்டளை வந்தது. செய்வது ஒரே காரியம்: சிக்ஹப் வந்தால் கண்டுகொள்ளாதே என்று சொல்லிவிட்டு, நாம் கொடுத்த கட்டளைக்கு இடம் விட்டு ஒதுங்கிக்கொள்ளும். அந்த அலட்சியம் வாரிசுக்கும் வந்துவிடும். எசமான் போனாலும் வேலை ஓடும். அது புலம்பியதெல்லாம் நோஹப்.அவுட் என்ற கோப்பில் சேர்ந்து, டிஸ்க் நிரம்பும் வரை கிடக்கும்.

பின்னணியில் ஓடும் டீமன்களின் திமிர் இன்னும் ஒரு படி மேல். அவற்றுக்கு டெர்மினலே இல்லை, லைன் எங்கே அறுவது? சும்மா கிடக்கிற சிக்னலை வீணாக்குவானேன் என்று வேறு வேலைக்கு வைத்துக்கொண்டன. இன்றைக்கும் பல சர்வர்களுக்குச் சிக்ஹப் அனுப்பிப் பாருங்கள். சாகாது, கான்ஃபிக் ஃபைலை மறுபடி படித்துவிட்டு வேலையைத் தொடரும்.

நோஹப்பில் ஒரு குறை. புரோகிராம் பிழைத்துவிடும், ஆனால் திரும்பப் போய் அதோடு பேச முடியாது. 1987-இல் பெர்லினில் ஆலிவர் லவ்மானும் கார்ஸ்டன் போர்மானும் ஸ்க்ரீன் என்ற புரோகிராமை எழுதினார்கள். நடுவில் ஒரு பொய் டெர்மினல். லைன் அறுந்தாலும் அது அறுவதில்லை. மறுநாள் வந்து ஒட்டிக்கொள்ளலாம். ஆனால் அதற்குக் கன்ட்ரோல்-ஏ சாவியைப் பிடுங்கிக்கொண்டார்கள். வரியின் தொடக்கத்துக்குப் போக அதையே அழுத்திப் பழகிய ஈமாக்ஸ் எடிட்டர் பக்தர்களின் சாபம் சும்மா விடுமா? 2007-இல் நிக்கலஸ் மேரியட் அதே வேலைக்கு டிமக்ஸ் கொண்டுவந்தார். கன்ட்ரோல்-பி. அதுவும் ஈமாக்ஸ் சாவிதான், ஓர் எழுத்து பின்னால் போகும். சாபம் கொஞ்சம் குறைவு.

இதற்கிடையில் 1995-இல் பின்லாந்தின் தாத்து யூலோனன், நெட்வொர்க் வழியே லாகின் செய்ய எஸ்எஸ்ஹெச் கொடுத்தார். போன் லைன் காலம் மலையேறியது, போனை வைத்ததற்கான மரண தண்டனை மட்டும் சட்டப் புத்தகத்திலேயே தங்கிவிட்டது.

2016 மே மாதம், லினக்ஸில் சர்வீஸ்களையும் லாகின்களையும் மேய்க்கும் சிஸ்டம்டியின் 230-ஆம் பதிப்பு வந்தது. லாக்-அவுட் ஆனால் எல்லாரையும் தீர்த்துக்கட்டு என்பதே அதில் இயல்பான அமைப்பு. நோஹப், ஸ்க்ரீன், டிமக்ஸ் எதற்கும் விலக்கில்லை. 43 வருடம் கழித்து உடன்கட்டை மறுபடி அமலுக்கு வந்தது! இணையமே கொதித்தது. டெபியன் லினக்ஸ் அந்த அமைப்பை அணைத்துவிட்டது. உங்கள் சர்வரில் ராத்திரியோடு ராத்திரியாக டிமக்ஸ் மாயமானால், நெட்வொர்க்காரரைத் திட்டுவதற்கு முன் லாகின்டி.கான்ஃப் ஃபைலைத் திறந்து, கில்-யூசர்-புராசஸஸ் வரியில் ‘யெஸ்’ என்று இருக்கிறதா பாருங்கள்.